மலை இடுப்புக்கு மேலே: பாலிங் பக்கம் ஒரு தண்ணீர் விருந்து

போன மார்ச் மாதம், கித்தா மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இலை கொட்டுகிற சமயத்தில், சுங்கைப் பட்டாணியிலிருந்து பாலிங் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றுக்குப் போய் வந்தேன். எனக்குப் புது இடம் இல்லை. கல்யாணமாகிப் போனதிலிருந்து நான் குடியிருந்த தோட்டம்தான். வீட்டுக்காரர் இறந்த பிறகு மகள் என்னைச் சுங்கைப் பட்டாணிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் திரும்பப் போனேன். அந்தப் பக்கம் அருவி, வெந்நீர் ஊற்று பார்க்கப் போகிறவர்கள் மகளிடம் வழி கேட்கிறார்களாம். "நீங்களே எழுதுங்கம்மா" என்றாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். போனில் பேசினேன், அது எழுதிக்கொண்டது. தப்பை மகள் திருத்தினாள்.

எதற்காகப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு மலை. அதன் முதுகில் எல்லை வேலி ஓடுகிறது. இந்தப் பக்கம் மலேசியா, எங்கள் கெடா மாநிலம்; அந்தப் பக்கம் தாய்லாந்து. அங்கே பெத்தோங் பக்கத்தில் ஒரு கம்பம், சின்னக் கிராமம், மலாய்க்காரர்கள், அவர்களும் நம்மைப் போலக் கித்தா சீவுகிறவர்கள். ஒரே மலைதான் இரண்டு பக்கமும் கசிகிறது. நம் பக்கம் வடிவதை நாங்கள் பைப் போட்டுக் குடித்தோம், அவர்கள் பக்கம் வடிவதை அவர்கள் குடித்தார்கள். வெகு காலத்துக்கு முன்னால் ஒரு வறட்சியில் இரண்டு பைப்பும் நின்றுவிட்டன. மேலே எவனோ தண்ணீரைத் திருப்புகிறான் என்று என் வீட்டுக்காரர் பாராங் கத்தியோடு ஏறினார். அதே எண்ணத்தில், அதே மாதிரிக் கத்தியோடு, அந்தக் கம்பத்திலிருந்து பாக் லே என்பவர் ஏறி வந்தார். அப்போது வேலி இவ்வளவு உயரமில்லை. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்ற இடத்தில் மரமே இல்லையாம். இரண்டு பக்கத்து ஆட்களும் வெட்டி எரித்திருந்தார்கள். அன்றைக்குப் பேசி வைத்துக்கொண்டதுதான்: மலையின் இடுப்புக்கு மேலே யார் கத்தியும் ஏறக் கூடாது.

அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. அரசாங்கங்கள் பேசிக்கொள்வது தனி. எங்களுக்கு ஒரு சாப்பாடுதான். வருஷா வருஷம் இலை கொட்டுகிற காலத்தில் இரண்டு பக்கமும் மரம் சீவுகிற வேலை நின்றிருக்கும். தண்ணீரும் அப்போதுதான் மெலிந்திருக்கும். ஒரு வருஷம் அங்கே, மறு வருஷம் இங்கே. வருகிறவர்கள் தங்கள் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டு வருவார்கள். அதில் நாங்கள் சோறு ஆக்குவோம். நம் தண்ணீரில் அவர்கள் தே, தேநீர்தான், கலக்குவார்கள். இரண்டு பக்கத்திலும் முன்னால் நிற்கிற ஆள் ஒருவர். அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முதல் வாய் சோறு சாப்பிட்டால் இன்னொரு வருஷத்துக்கு அந்தப் பேச்சு நிலைக்கும். எங்கள் பக்கம் எப்போதும் முன்னால் நின்றவர் என் வீட்டுக்காரர்.

தோட்டத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி லெட்சுமி பிப்ரவரியில் போன் போட்டாள்.

"அக்கா, பாக் லே தங்கச்சி காக் மினா நெலத்த டுரியான் தோட்டம் போடக் கேக்குறாங்களாம். எல்லாம் இடுப்புக்கு மேல உள்ள நெலம். நல்ல வெலையாம். இந்த வருஷம் நம்ம பக்கத்துல யாரும் முன்னால நிக்கலைன்னா அவங்க குடுத்துருவாங்க. நீங்கதான் வரணும்."

"நான் எப்படிடி? வருஷம் திரும்பலையே."

"நின்னா போதும்க்கா. சாப்பிட வேணாம்."

அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. துக்கக்காரி ஒரு வருஷத்துக்கு விருந்தில் கை நனைக்க மாட்டாள். இது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிற்கிறேன், பரிமாறுகிறேன், சாப்பிடவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். லெட்சுமியும் வேறு மாதிரி நினைக்கவில்லை. அங்கேதான் இரண்டு பேரும் சறுக்கினோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்குச் சுங்கைப் பட்டாணியில் பஸ் ஏறினேன். பாலிங் வரைக்கும் ஏழு வெள்ளி, அதாவது ரிங்கிட், கொடுத்தேன். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஆனால் நின்று நின்று போகும், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்னால் பசியாறிவிடுங்கள், நடுவில் இறங்க நேரம் தரமாட்டார்கள். இடது பக்க சன்னலில் உட்கார்ந்தால் வெயில் கம்மி என்று நினைத்து உட்கார்ந்தேன். தப்பு. திருப்பத்துக்குத் திருப்பம் வெயிலும் பக்கம் மாறியது.

பஸ்ஸில் எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அவருடைய சாம்பலை மூடா ஆற்றில், கடலுக்குப் பக்கத்தில் கரைத்தோம். சட்டியைக் கவிழ்த்தபோது சாம்பல் உடனே போகவில்லை. காலைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம்தான் நகர்ந்தது. பஸ் கோலா கெத்தில் பாலத்தில் ஏறியபோது கீழே பார்த்தேன். எங்கள் மலைத் தண்ணீர் ஓடை ஓடையாகச் சேர்ந்து கெத்தில் ஆறாகி, இந்த ஊர்ப் பக்கம்தான் மூடாவில் விழுகிறது. அவர் இந்த வழியாகத்தான் கீழே போயிருக்கணும் என்று தோன்றியது. எப்படி? அவரை நாங்கள் கீழேதானே கரைத்தோம், மேலே இல்லையே. ஆனாலும் அப்படித்தான் தோன்றியது. அவர் கீழே போய்க்கொண்டிருக்கிற மாதிரியும், நான் எதிரே மேலே ஏறுகிற மாதிரியும், பாலத்தில் ஒரு நிமிஷம் இரண்டு பேரும் கடந்து போகிற மாதிரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் டிஷ்யூ நீட்டினாள்.

பாலிங் ஊருக்குள் நுழையும்போது சுண்ணாம்புக்கல் மலை நேராக எதிரே வந்து நிற்கும். அன்றைக்கு அதன் பாதியை மேகம் மூடியிருந்தது. மேல் பாதி மட்டும் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் டேவிட் வேனோடு காத்திருந்தான். கோலா கெத்தில் பையன், வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு ஆள் ஏற்றுவான். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் இந்த விருந்துக்கு அரிசி, காய்கறி ஏற்றி வந்தவன் அவன்தான்.

"ஆண்டி, எளைச்சுட்டீங்க லா. சுங்கைப் பட்டாணியில சோறு இல்லையா?"

"இருக்கு. எறங்கல."

அவன் அப்புறம் கிண்டல் செய்யவில்லை. வேனைத் திருப்பிக்கொண்டே, "ஆனா வேன் முன் சீட்டு ஒங்களுக்குத்தான். அங்கிள் உக்காந்த எடம். ஸ்பிரிங் போயிருச்சு, பாத்து உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். அவர் பாரத்துக்கு ஒரு பக்கமாக அமுங்கிப் போயிருந்தது. வழி பூராவும் நான் அந்தப் பக்கமே சரிந்தேன்.

பாலிங்கிலிருந்து தோட்டம் இருபது கிலோமீட்டர் இருக்கும். கடைசி ஐந்து மண் ரோடு. டேவிட் மற்றவர்களிடம் போக வர எண்பது வெள்ளி வாங்குவான். என்னிடம் வாங்கவில்லை, அதனால் அந்த விலையை நம்பி யாரும் பேரம் பேச வேண்டாம். ரோட்டின் இரண்டு பக்கமும் கித்தா மரம் மொட்டையாக நின்றது. கொட்டிய இலை செம்மண்ணுக்கு மேலே இன்னொரு செம்மண்ணாகக் கிடந்தது. சப்பாத்துக் காலால் மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். தோட்டத்தின் பெயரை எழுதாதீர்கள், ஆள் கூட்டம் வந்துவிடும் என்று லெட்சுமி சொன்னாள். அதனால் எழுதவில்லை.

விருந்தாளிகள் பதினோரு மணிக்கு வந்தார்கள். மேலே வேலிக்குப் பக்கத்தில் நின்று கத்தினால் அந்தப் பக்கம் கேட்டுவிடும். ஆனால் எல்லை கேட் வழியாகச் சுற்றி வர அவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாக் லே முதலில் இறங்கினார். நன்றாக வயதாகிவிட்டது, தொப்பி மட்டும் அதே வெள்ளை. பின்னால் அவருடைய தங்கச்சி காக் மினா, என் வயதுதான் இருக்கும். மலாயில் காக் என்றால் அக்கா. கம்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். வெள்ளைப் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர். பெத்தோங் கோழியை அவர்களே சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

"கேட்டுல இந்தத் தடவையும் அதே ஆபீசர்தான்," பாக் லே மலாயில் சொன்னார். "என்ன இதுன்னான். தண்ணின்னேன். மலேசியாவுல தண்ணி இல்லையான்னான். இருக்கு, ருசி இல்லைன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் வீட்டுக்காரர். "உங்க தண்ணியில இரும்பு வாடை, எங்க சட்டி துருப்பிடிக்குது" என்பார். சிரிப்பு அடங்கிய பிறகு எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றார்கள், அந்தப் பதில் எங்கிருந்தாவது வருமோ என்கிற மாதிரி. அது வரவில்லை.

சாப்பாடு பெரட்டுக் களத்தில். அந்தக் காலத்தில் விடியற்காலை ஆள் எண்ணிக்கை எடுத்த மைதானம் அது. இப்போது தோட்டத்தில் இருப்பது கொஞ்சம் குடும்பங்கள்தான், எண்ண ஆளில்லை. பாய் விரித்து வாழையிலை போட்டோம். இந்த விருந்துக்கென்றே வாங்கி வைத்த பானை, கரண்டி உண்டு. மற்ற நாளில் யாரும் தொடமாட்டோம், அவர்கள் மனசில் ஹலால் சந்தேகம் இல்லாமல் சாப்பிடணும். அவர்கள் தண்ணீரில் சோறு பொங்கியது. பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ரசம். அந்தப் பக்கம் மினா எங்கள் பைப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தே கலந்தாள்.

பாக் லே உட்கார்ந்தார். அவருக்கு எதிரே ஒரு இலை. அது எனக்கு. நான் உட்காராமல் சோற்றுக் கரண்டியோடு நின்றேன். அவர் சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் உருட்டி, கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றேன்.

அவர் சாப்பிடவில்லை. நான் அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினேன். யாரும் இலையில் கை வைக்கவில்லை. கித்தா இலை ஒன்று சுற்றிச் சுற்றி வந்து எனக்குப் போட்ட வெறும் இலையில் விழுந்தது. பாக் லே உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். மினா ஊற்றிய தேக் கோப்பைகளைத் திரும்பத் தட்டில் எடுத்து வைத்தாள்.

பிறகு என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள். "காக், உங்க பக்கமும் விக்கிறீங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதை?"

"நிலத்தை. மேல. அதனாலதானே சாப்பிடல? வித்துட்டா சொல்லிருங்க. நாங்க மட்டும் எதுக்கு நல்ல விலையை வேணாங்கணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் துக்கம் காக்கிறேன் என்று நின்றேன். அவர்களுக்கு அது பேச்சை முறிக்கிறதாகத் தெரிந்திருக்கிறது. டேவிட் ஓடி வந்தான்.

"இல்ல காக், இல்ல! ஆண்டிக்கு அங்கிள் தவறிட்டாரு இல்லையா, ஒரு வருஷத்துக்கு விருந்துல சாப்பிடக் கூடாது. எங்க ஆளுங்க வழக்கம்."

"ஒரு வருஷமா?" மினா என்னைத்தான் கேட்டாள். "நானும் புருஷனை இழந்தவதான், காக். எங்களுக்கு நாலு மாசம் பத்து நாள்."

"எங்களுக்கு ஒரு வருஷம்."

"சரி. அந்த ஒரு வருஷம் மலைக்கு யார் பேசுறது?"

லெட்சுமி என் கையைப் பிடித்தாள். "வேணாம்க்கா. நாளைக்கு ஒங்க மகளுக்கு ஒண்ணுன்னா ஊரு ஒங்களத்தான் சொல்லும். வேற யாராச்சும் உக்காரட்டும். டேவிட்டு உக்காரட்டும்."

"நான் கோலா கெத்தில்காரன்லா," என்றான் டேவிட். "நான் குடிக்கிறது வேற தண்ணி."

பாக் லே எழுந்திருக்கவில்லை. மலையைப் பார்த்தபடி இருந்தார். நானும் பார்த்தேன். மேகம் இறங்கி மலையின் இடுப்பில் வேட்டி கட்டின மாதிரி நின்றது. அதற்கு மேலே பச்சை. இந்தக் காய்ந்த மாதத்திலும் கறுத்த பச்சை. அது சும்மா வந்த பச்சையா? இருபத்திரண்டு முறையோ என்னவோ, என் வீட்டுக்காரர் இந்தப் பாயில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்த பச்சை.

மாதா மாதம் அவர் இறந்த தேதியில் நான் படையல் வைக்கிறேன். அவருக்கு இலை போட்டு, சோறு வைத்து, கும்பிட்டுவிட்டு, அந்த இலையிலேயே நான் சாப்பிடுவேன். அது விருந்தில்லை. அதைத் துக்கக்காரி சாப்பிடலாம், சாப்பிடவும் வேணும்.

"லெட்சுமி, அந்த எலைய எடு" என்றேன். "அவருக்குப் போடுறேன்."

அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் விழுந்திருந்த கித்தா இலையைத் தட்டிவிட்டு வாழையிலையை எடுத்துக் கொடுத்தாள். களத்து ஓரத்தில், அவர் போட்ட பைப்பு மண்ணிலிருந்து தலை நீட்டுகிற இடத்தில், இலையை விரித்தேன். சாமி கும்பிடுகிறது எங்கள் காரியம், அவர்கள் சோற்றுக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது என்றுதான் தள்ளிப் போனேன். கம்பத்து ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோறு வைத்தேன், பருப்பு, பொரியல். மினா தானாகவே ஒரு கோப்பை தே கொண்டுவந்து இலைக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்து இலையைச் சுற்றினேன். "வந்து சாப்பிடுங்க. ஒங்க சிநேகிதர் காத்துக்கிட்டு இருக்காரு" என்றேன். வேறு என்ன சொல்வது?

கொஞ்ச நேரம் விட்டேன். காற்று இல்லை. குழாய் மட்டும் சொட்டியது. பிறகு அந்த இலையைத் தூக்கிக்கொண்டு வந்து பாக் லேக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் திரும்பக் கை கழுவினார். சோற்றை உருட்டினார். நானும் உருட்டினேன். இரண்டு பேரும் ஒன்றாக வாயில் வைத்தோம்.

சோற்றில் இரும்பு வாடை இருந்தது. என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை.

"பாக் லே, உங்க தண்ணியில எங்க சட்டி துருப்பிடிக்குது" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் மற்றவர்கள் கை இலைக்குப் போய்விட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் மறுபடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் தண்ணீர் எடுக்கிற இடத்துக்கு நடந்தோம். ஏற்றம்தான், எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அங்கே மேகத்துக்கு உள்ளேயே இருப்போம், பேசினால் குரல் வேறு யாரிடமிருந்தோ வருகிற மாதிரிக் கேட்கும். பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வருகிறது. சின்னத் தொட்டி, அதன் வாயில் கம்பி வலை. வலையில் இலை அடைத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் தினமும் வாரி எடுப்பார். கையை விட்டேன். குளிர் முழங்கை வரைக்கும் ஏறியது. இலையை வாரி வாரிப் போட்டேன். தண்ணீர் ஒரு தடவை விக்கி, பிறகு உள்ளே ஓடியது. அந்த ஓட்டத்தில் கையை எடுக்க மனசு வரவில்லை. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. "காக், கை விறைச்சிரும்" என்று மினா பிடித்து எடுத்தாள்.

இறங்கும்போது அவளே சொன்னாள். "டுரியான்காரனுக்குக் கீழ இருக்கிற நிலத்தைக் காட்டுறேன். வேணும்னா எடுக்கட்டும். மேல இல்ல." வேனில் ஏறும்போது, "அடுத்த வருஷம் எங்க பக்கம். நீங்கதான் வரணும்" என்றாள்.

மாலை நாலரைக்கு டேவிட் என்னைப் பாலிங்கில் இறக்கிவிட்டான். பையில் இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்று அவர்களுடையது, ஒன்று நம்முடையது. நம் வீட்டுக் குழாயில் வருவதும் பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர்தான், அதற்கு எதற்குப் பாட்டில் என்று டேவிட் கேட்டான். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் எடுத்து வந்தேன்.

இனி போகிறவர்களுக்கு. விருந்து வெளியாட்களுக்கு இல்லை, தேடிக்கொண்டு போகாதீர்கள். உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்கோ அந்தப் பக்கத்து அருவிகளுக்கோ போகிறவர்கள் பாலிங்கிலேயே வண்டி பேசிக்கொள்ளுங்கள், மாலையில் திரும்ப ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். இலை கொட்டுகிற காலத்தில் அட்டை கம்மி, மழை விழுந்துவிட்டால் உப்பும் புகையிலையும் கொண்டு போங்கள். எல்லை வேலிப் பக்கம் விளையாட்டுக்குக்கூடப் போகாதீர்கள். மலையில் எங்கே தொட்டியும் கம்பி வலையும் பார்த்தாலும் அதற்கு மேலே நின்று குளிக்காதீர்கள், சவர்க்காரம் போடாதீர்கள். கீழே யாரோ சோறு ஆக்குகிறார்கள். வலையில் இலை அடைத்திருந்தால் ஒரு கை வாரிப் போட்டுவிட்டுப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெத்தோங் போக பாஸ்போர்ட் வேண்டும். இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்து விருந்துக்கு அவர் மட்டும் போய் வந்தார். எனக்கு எதற்கு என்று நான் எடுக்கவே இல்லை. போன வாரம் மகளோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். இருநூறு வெள்ளி. காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் உட்கார இடமிருக்காது. கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்து, எங்கே போகப் போகிறீர்கள் என்று அங்கே வேலை செய்கிற மலாய்க்காரப் பெண் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கம், சாப்பிட, என்றேன்.

"மக்சிக், சிரிக்கக் கூடாது," என்றது அந்தப் பெண். "படத்தை மிஷின் ஏத்துக்காது."

நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.